பங்குக் கிணறும் ரெஜியின் புல்லும்

1

எங்கள் குடியிருப்பில் இந்தக் கோடையிலிருந்து பகல் வேளையில் புல்லுக்குத் தண்ணீர் விடக் கூடாது. அந்த விதி வந்ததற்குக் காரணம் நான்தான். இந்த நாட்டுக்கு வந்தபிறகு என் சொல்லைக் கேட்டு நாலு பேர் நடந்த முதல் சங்கதி இது. வீட்டில் என் பிள்ளைகள் இரண்டும் அப்படிக் கேட்டு நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் குடியிருப்பு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரொறொன்ரோவுக்கு வெளியே, சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய ஒரே மாதிரி வீடுகள். வீட்டுக்குள்ளே நான் ராசா. வாசற்படியைத் தாண்டிவிட்டால் வீட்டுக்காரர் சங்கம்தான் ராசா. கதவுக்கு என்ன நிறம் அடிப்பது, முன்வளவில் என்ன பூ நடுவது, குப்பைத் தொட்டியை எப்போது வெளியே வைப்பது, எல்லாவற்றுக்கும் சங்கத்தில் விதி உண்டு. வந்த புதிதில் என் மனைவி ரஞ்சி பின்வளவில் கயிறு கட்டி என் சாரத்தைக் காயப்போட்டதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சாரத்துக்குக் கடிதம் போடுகிற நாடு என்று அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அதே சங்கம் இப்போது, உடுப்பைக் கொடியில் காயப்போடுங்கள், மின்சாரத்தை மிச்சம் பிடியுங்கள் என்று நோட்டிஸ் ஒட்டுகிறது. காலம் மாறிவிட்டது. கூரைப் பீலியில் வழிகிற மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிக்கச் சொல்கிறார்கள். வாகனத் தரிப்பிடத்து ஓரப் புல்லைக் கிண்டி எறிந்துவிட்டு, தண்ணீர் கேட்காத இந்த மண்ணின் செடிகளை நட்டிருக்கிறார்கள். சங்கத் தலைவி மார்கரெட் என்பவர், ஓய்வு பெற்ற தாதி. எழுபது தாண்டியும் சைக்கிளில் திரிகிற மனுசி.

சித்திரை மாதம் ஆண்டுக் கூட்டத்தில் அந்தத் தண்ணீர் விதி நிறைவேறியது. மார்கரெட் என் பெயரைத் தன் வாய்க்கு வந்தபடி உச்சரித்து என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுவிட்டுக் கதிரையில் இருந்தேன். இருந்ததும் சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. தங்கச்சியிடமிருந்து குரல்செய்தி. வெளியே வந்து காதில் வைத்தேன்.

"அண்ணா, மெற்றி கதைக்கிறன். தண்ணி லொறி ரெண்டு நாளாய் வரேல்லை. கிணத்துத் தண்ணியிலைதான் எல்லாம் செய்யிறன். பருப்பு அவியுதில்லை. சவர்க்காரம் போட்டா நுரைக்குதில்லை. இவருக்கு உப்புச் சேர்க்கவே கூடாதெண்டு கிளினிக்கிலை சொல்லியிருக்கினம். நான் கறிக்கு உப்புப் போடுறதை விட்டிட்டன் அண்ணா. கிணறு போடுது."

உள்ளே இன்னொருவருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை.

2

மெற்றி என்கிற மெற்றில்டா என் ஒரே தங்கச்சி. மன்னார்த் தீவில், பேசாலைக்குப் பக்கத்தில், எங்கள் அப்பா விட்டுப்போன வீட்டில் இருக்கிறாள். அவளுடைய புருசன் பீற்றர் மச்சானுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிக்கொண்டு வருகின்றன. கடலுக்குப் போய் வந்த மனிதர் இப்போது கட்டிலிலிருந்து முற்றத்துக்கு வருவதையே பெரிய பயணமாக நினைக்கிறார். உப்புத்தான் அவருக்கு நஞ்சு. பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அவரும் அவருக்கு அவளும்தான்.

கிணறு எங்களுக்கு மட்டும் உரியதல்ல. மூன்று வீட்டுக்குப் பங்கு. காணி உறுதிகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒரு பங்கு எங்களுடையது, ஒன்று பெரியப்பா மகன் ரெஜியுடையது, ஒன்று காலஞ்சென்ற லூர்து மாமாவுடையது. ரெஜி பாரிஸில். மாமாவின் மகள் ஷரன் லண்டனில் பிறந்து அங்கேயே வளர்ந்த பிள்ளை. முறைக்கு மச்சாள் என்றாலும் வயது வித்தியாசத்தால் எங்கள் இரண்டு பேரையும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். நான் இங்கே. மூன்று பங்கில் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது மெற்றி ஒருத்திதான்.

எங்கள் தீவு முழுக்க மணல். பெய்த மழை அந்த மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் பாலாடை மாதிரி மெல்லிசாய்ப் படிந்திருக்கும். மெதுவாக வழித்தால் ஆடை வரும். அவசரப்பட்டு அகப்பையை இறக்கினால் எல்லாம் கலங்கிவிடும். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் எங்கள் கிணற்றில் கயிற்றுக்கு ஓர் அளவு வைத்திருந்தார்கள். கோடையில் வாளி தண்ணீரைத் தொடாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஊற விட்டுவிட்டு அடுத்த நாள் வர வேண்டும். கயிற்றை நீட்ட ஒருவருக்கும் உரிமை இல்லை.

அந்தக் காலத்து மனிதர்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. கிணற்றடியில் எந்த நாளும் சண்டைதான். ரெஜியின் அம்மா ஒருமுறை யாருக்கும் தெரியாமல் பழைய சீலைத் துண்டொன்றைக் கயிற்றோடு முடிந்து நீட்டிவிட்டா. லூர்து மாமா கத்தியைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னால் அதை அறுத்தெறிந்தார். தவக்காலம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. கோயிலில் சமாதானம் சொல்லுகிற நேரம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு மற்றவர்களுக்குக் கும்பிடு போட்டார்கள். ஆனாலும் தண்ணீர் நல்லதாக இருந்தது.

ரெஜி பெரியப்பாவின் வீட்டை இடித்து இரண்டு மாடி கட்டினான். வருஷத்தில் ஒரு தடவை, ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு வந்து தங்குவதற்காக. போன ஆவணிக்குப் பிறகு முற்றம் முழுக்கப் புல் பதித்தான். அந்தப் புல்லுக்காகப் பங்குக் கிணற்றில் மோட்டரை இறக்கினான். அதற்குப் பிறகுதான் பருப்பு அவியாமல் போகத் தொடங்கியது.

3

சங்கத்தில் எனக்குப் பெயர் வந்ததும் உப்பால்தான். இங்கே பனி பெய்தால் நடைபாதையில் உப்பைக் கொட்டுவார்கள். மன்னாரில் உப்பளத்தில்கூட அப்படி அள்ளி வீச மாட்டார்கள். தரிப்பிடத்து மேப்பிள் மரங்கள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு கூட்டத்தில் எழுந்து, நிலத்துக்குள் போன உப்பை வெளியே எடுக்க ஆராலும் முடியாது என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். தண்ணீரை ஊற விட வேண்டும் என்றும் சொல்ல ஆசைப்பட்டேன். ஊறுதல் என்பதற்கு, அழுக்கு உடுப்பு ஊறப்போடுகிற ஆங்கிலச் சொல்தான் அந்த நேரம் வாயில் வந்தது. தண்ணீரை எதில் ஊறப்போடுவது என்று பின்கதிரையில் ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது.

மார்கரெட் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, நீ என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டார். ஒரு கடதாசியில் கிணறு கீறி, மேலே நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர் என்று காட்டினேன். அவர் அந்தப் படத்தைச் சங்கச் செய்தித்தாளில் போட்டார். நான் சொன்ன பிழையான வசனத்தையே தலைப்பாகப் போட்டார். அடுத்த பனிக்காலத்தில் உப்புக்குப் பதிலாக மணல் தூவினார்கள், படிக்கட்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் உப்பு. சீனர், பஞ்சாபி, கயானாக்காரர், உக்ரேனியர் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் பகலில் புல்லுக்குத் தண்ணீர் விடாத விதியும் வந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் இன்றைக்கும் என்னைக் கண்டால், ஊறப்போட்டாச்சா என்று கேட்பார்.

அன்றைக்கு அந்த வாசலில் மெற்றியின் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை பாஷைக்காரர் ஒரு கயிற்றுக்குக் கட்டுப்படுகிறார்கள். ஒரே வயிற்றுவழிப் பிள்ளைகள் மூன்று பேர் கட்டுப்பட மாட்டோமா? அந்த யோசனை வந்த நேரத்தை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

4

எங்கள் மூன்று வீட்டுக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. பெயர் "கிணத்தடி". பிறந்தநாள் வாழ்த்தும் செத்தவீட்டு அறிவித்தலும்தான் அதில் வரும். சங்கத்து விதிகளை இரண்டு கிழமை இருந்து தமிழாக்கி அதில் போட்டேன். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்போம். புல்லை எடுத்துவிட்டு அந்த மண்ணில் தானாக வளர்கிறதை வளர விடுவோம். மோட்டரைக் கழற்றுவோம். புதிதாகக் குழாய்க்கிணறு அடிக்க மாட்டோம். கடைசியில் இப்படி எழுதினேன்: "இதற்கு உங்கள் பங்கின் சம்மதம் தேவை. பங்குக் கிணற்றைக் காப்பாற்றுவோம்."

குழாய்க்கிணறு பற்றி எழுதியதற்குக் காரணம் இருந்தது. கிணற்றிலிருந்து வருகிற தண்ணீர் புல்லுக்குக் காணாதென்று ரெஜி தன் காணியில், எல்லைவேலியோடு ஆழமாக ஒன்று துளைக்கப் போவதாக மெற்றி கேள்விப்பட்டிருந்தாள். அந்த இடத்துக்கும் பங்குக் கிணற்றுக்கும் இடையில் ஒரு பூவரசு மட்டும்தான். கீழே இருக்கிற உப்புத் தண்ணீரை இழுத்து மேலே கொண்டுவருவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ரெஜி அன்றைக்கே போன் எடுத்தான்.

"அண்ணை, நீங்கள் கனடாக் குளிருக்குள்ளை இருந்து யோசிக்கிறியள். நான் ஊராற்றை தண்ணியையோ எடுக்கப்போறன்? என்ர காணி, என்ர மோட்டர்."

"நிலத்துக்குக் கீழை ஏதடா வேலி? நீ இழுத்தா மெற்றியின்ர வாளிக்கு உப்பு வரும். பீற்றர் மச்சானைப் பற்றி உனக்குத் தெரியும்தானே?"

அவன் பிள்ளைகளின் கதையை எடுத்தான்.

"போன முறை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனனான் அண்ணை. மணலிலை கால் சுடுதெண்டு சின்னவள் ஒரே அழுகை. மூண்டாம் நாள் பாரிஸுக்குப் போவமெண்டு நிண்டினம். புல்லு கிடந்தா விளையாடுவினம். இந்த முறையும் வராட்டி அதுகள் இனி அந்தப் பக்கமே வராது. நான் ஆருக்கு அந்த வீட்டைக் கட்டினது?"

அவனைத் திட்டுவதற்குத்தான் போனைக் கையில் வைத்திருந்தேன். திட்டாமலே வைத்துவிட்டேன். என் பிள்ளைகளும் ஊருக்கு வந்தவர்கள்தான். வந்து, போனில் சிக்னல் வருகிற மூலையைத் தேடி அதில் குந்தியிருந்துவிட்டு வந்தவர்கள்.

ஆனால் மூன்று பேரில் இரண்டு பேர் சேர்ந்தால் அவனைத் தடுக்கலாம். கிராம சேவகரும் மெற்றியிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். இனி எல்லாம் ஷரனின் கையில்.

5

ஷரன் நல்ல பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையிலும் படித்த தமிழ். வாசிப்பாள், மெதுவாக எழுதுவாள். என் செய்திக்கு உடனே பதில் போட்டாள்: "சரி மாமா. கேட்டுச் சொல்கிறேன்."

யாரைக் கேட்கப்போகிறாள் என்று யோசித்தேன். புருசனையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு கிழமை போயிற்று. ஞாபகப்படுத்தினேன். "அவர்கள் இன்னும் கூடவில்லை மாமா" என்று வந்தது. புருசன் வீட்டு ஆட்கள் எல்லாம் கூடித்தான் முடிவெடுப்பார்கள் போலிருக்கிறது என்று ரஞ்சியிடம் சொன்னேன். ரஞ்சி, "அது பெரிய குடும்பம்தானே" என்றாள். இப்படி நாங்கள் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

வைகாசி நடுவில் பதில் வந்தது. "மாமா, சுவாமியிடம் கேட்டேன். எங்கள் பங்குச் சபையிலும் கதைத்தார்கள். மன்னாரில் உள்ள கிணற்றுக்கு லண்டன் பங்கு சம்மதம் கொடுக்க முடியாதாம். ஆனால் வருகிற ஞாயிறு பூசையில் கிணற்றுக்காக மன்றாட்டுச் சொல்லுவார்கள்."

திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. மாடியில் இருந்த என் மகள் ஜெனியைக் கூப்பிட்டு, நான் முதலில் அனுப்பிய செய்தியை அவளிடம் நீட்டி, இதில் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்று கேட்டேன். ஜெனி எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"சேர்ச்சிலை பெர்மிஷன் வாங்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீங்கள்."

"எங்கை அப்பிடி இருக்கு?"

"இந்தா. உங்கள் பங்கின் சம்மதம். பங்கு எண்டா சேர்ச்தானே அப்பா? பங்குத் தந்தை, பங்குச் சபை. பங்குக் கிணறு எண்டா சேர்ச்சின்ர கிணறு."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எங்களுக்குப் பங்கு என்றால் முதலில் காணி, கிணறு, வலை, தோணி. பிறகுதான் கோயில். இந்தப் பிள்ளைகளுக்குக் காணியும் இல்லை, வலையும் இல்லை. அவர்கள் கேட்டு வளர்ந்த பங்கு ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாகம் என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

உடனே லண்டனுக்குப் போன் எடுத்தேன். ஷரன் வேலையில். மறுமொழி இல்லை. அடுத்த நாள் காலை நான் ஷரனை மறுபடி எடுப்பதற்கு முன்னே மெற்றி எடுத்தாள். பின்னால் பெரிய இரைச்சல்.

"அண்ணா, துளைக்கிற லொறி வந்து நிக்குது. லூர்து மாமான்ர காணிக்குள்ளாலைதான் வந்தது. வேலியைப் பிரிச்சுப்போட்டு வந்திருக்கினம். ஷரன் ஓமெண்டு சொன்னவவாம்."

6

மெற்றி அன்றைக்கே பஸ் ஏறி மன்னார் ரவுணுக்குப் போனாள். மச்சானைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள். முதல் அரசாங்கக் கந்தோரில், தண்ணீர் விஷயம் எங்களுடையதல்ல என்றார்கள். இரண்டாவது கந்தோரில், காணி உறுதி எங்கே என்று கேட்டார்கள். உறுதியை எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது, உரியவர் நேரில் வர வேண்டும் என்றார்கள். உரியவன் நான். அந்தக் கந்தோர் உத்தியோகத்தரோடு நானே போனில் கதைத்தேன். மரியாதையான மனிதர். கதைத்து முடியும் மட்டும் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, பங்குக்காரர் மூண்டு பேர். ரெண்டு பேர் சம்மதம். ஒராள் காணி தந்திருக்கிறா, ஒராள் துளைக்கிறார். நீங்கள் ஒராள்தான் மறுக்கிறியள். நான் என்ன செய்யட்டும்?"

"அந்தத் தண்ணியைக் குடிக்கிறது என்ர தங்கச்சி ஒருத்திதான். மற்ற ரெண்டு பேரும் அதிலை வாய்கூடக் கொப்பளிக்கிறேல்லை."

"தங்கச்சியின்ர பேர் உறுதியிலை இல்லையே ஐயா."

"என்ர பேர் இருக்கு."

"நீங்கள் எங்கை வதிவிடம்?"

"கனடா."

"அப்ப இந்த இடத்திலை நீங்கள் ஆர்?"

அந்த மனிதர் அதை நக்கலுக்குக் கேட்கவில்லை. ஏதோ ஒரு படிவத்தில் என்னை எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது ஜெனி சோற்றைப் பிசைந்துகொண்டு, "அவர் சரியாத்தானே கேட்டிருக்கிறார் அப்பா. நீங்கள் அங்கை இல்லையே" என்றாள். அவளுக்கு என்னை நோகடிக்கும் எண்ணம் இல்லை. சோற்றில் கையை வைத்தபடி இருந்தேன், இறங்கவில்லை. ரஞ்சி என் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மெற்றியிடம், இலுப்பைக்கடவைக்குப் போங்கோ என்று கெஞ்சினேன். அங்கே மச்சானின் தமையன் இருக்கிறார். வயலும் குளமும் நல்ல தண்ணீரும் உள்ள இடம். வந்து இருங்கோ என்று அவரே கூப்பிட்டவர்.

"அந்த வீட்டிலை மருமகன், பேரப்பிள்ளையள் எல்லாம் இருக்கினம் அண்ணா. இவரைக் கொண்டுபோய் அதுக்குள்ளை எங்கை கிடத்துறது? கிளினிக்குக்குக் கொண்டுவாறதெண்டா விடிய வெளிக்கிட வேணும். இவரும் மாட்டெண்டுதான் சொல்லுறார். கடல் இரையிறது கேளாட்டி நித்திரை வராதாம்."

"அப்ப எல்லாத்துக்கும் தண்ணி வாங்கு. நான் அனுப்புறன்."

"குடிக்க வாங்கிறம்தானே. லொறி வாற நாளிலை வாங்கிறம். அவிக்கிறதுக்கும் கழுவுறதுக்கும் இவரைக் குளிப்பாட்டுறதுக்கும் எங்கை வாங்கிறது? ரோட்டோரம் குழாய் தாட்டுப்போட்டுப் போயிருக்கினம், தண்ணி பிறகு வருமாம். நீங்கள் அதை யோசியாதையுங்கோ அண்ணா. சாப்பிட்டியளோ?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

7

ஷரன் இரண்டு நாள் கழித்து எடுத்தாள். அதற்குள் துளைத்து முடித்து, குழாயும் இறக்கி, மோட்டரும் பூட்டிவிட்டார்கள். பங்கு என்றால் என்னவென்று அவளுக்குச் சொன்னேன்.

"மாமா, அப்ப எங்கட பங்கு எண்டா... அப்பான்ர பாகமா?"

"ஓம் மோளே."

"அந்தக் கிணறு எங்கடையா?"

"உங்கடையும்தான்."

"நான் அது கோயில் கிணறு எண்டு நினைச்சன் மாமா. ரெஜி மாமா என்னட்டைக் கேட்டவர், தனக்குச் சொந்தமாக் கிணறு அடிக்கப்போறன், உங்கட காணியாலை லொறி போகலாமோ எண்டு. அவருக்குச் சொந்தமா ஒண்டு இருந்தா, கோயில் கிணத்திலை கை வைக்க மாட்டார்தானே எண்டு நினைச்சன். அதை நீங்கள் காப்பாத்தச் சொன்னீங்கள். நான் காப்பாத்துறன் எண்டு நினைச்சுத்தான் ஓமெண்டு சொன்னனான்."

அவள் அழத் தொடங்கினாள். நான் அவளை ஆற்றினேன். என்னை ஆற்ற அங்கே ஒருவரும் இல்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் இப்ப மாட்டேன் எண்டு சொன்னா நிப்பாட்டுவினமா?" என்று கேட்டாள். குழி ரெஜியின் காணியில் இருக்கிறது, லொறி போய்விட்டது, இனி நீ சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? கதைத்துப் பார்ப்போம் என்றேன். பிறகு ரெஜியோடு அவளும் கதைத்தாள், நானும் கதைத்தேன். திருவிழா முடியட்டும், பிள்ளைகள் வந்து போகட்டும், அதற்குப் பிறகு யோசிப்போம் என்றான். ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் வெயில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாததா?

மெற்றியின் குரல்செய்திகள் குறைந்தன. கேட்டால், பரவாயில்லை அண்ணா என்பாள். மச்சானுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்பதைக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் அறிந்தேன். எங்கள் குடியிருப்பில் அந்த நாட்களில் மழைப் பீப்பாய்கள் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. கொசு வரும், ஊற்றிவிடுங்கள் என்று மார்கரெட் சொன்னார். ஒரு பீப்பாயைச் சரித்து வாய்க்காலில் ஊற்றிக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மழைக்குள் நின்றபடியால் ஒருவரும் காணவில்லை.

8

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸைத் தரிப்பில் விட்டு, அதற்குள்ளேயே இருந்து கோப்பி குடிப்பேன். அந்த நேரம் ஊரில் வெயில் தாழ்ந்துகொண்டிருக்கும். இந்த ஆனி மாதம், ஒரு காலை, அப்படி இருக்கும்போது ரெஜி குழுவில் ஓர் இணைப்புப் போட்டான். முற்றத்தில் கமெரா பூட்டியிருக்கிறானாம். எல்லாரும் பார்க்கலாமாம். "பாருங்கோ, பாரிஸ் பார்க் மாதிரி" என்று எழுதியிருந்தான்.

திறந்தேன். பச்சைப் பசேலென்று புல். வேலிக்கு அப்பால் எங்கள் வீட்டுக் கூரையின் ஒரு மூலை தெரிந்தது. பூவரசு பாதி இலை கொட்டி நின்றது. தலையில் துவாய் கட்டிய ஒரு பெண் பின்பக்கத்தால் வந்து, சுவரில் இருந்த பெட்டியின் பூட்டைத் திறப்புப் போட்டுத் திறந்து சுவிட்சைப் போட்டாள். குழாய் உதறிக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. கூலிக்கு ஆள் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். அவள் குழாயை எடுக்கத் திரும்பினாள். மெற்றி.

உடனே அவளுக்குப் போன் எடுத்தேன். இடுப்பில் சொருகியிருந்த போனை அவள் எடுப்பது தெரிவதற்கு முன்பே குரல் வந்துவிட்டது. படம் குரலுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்கோ அண்ணா."

"மெற்றி, என்ன செய்யிறாய் நீ?"

"சும்மாதான் நிக்கிறன்."

"நான் பார்த்துக்கொண்டிருக்கிறன். ரெஜி கமெரா போட்டிருக்கிறான். எனக்கும் தெரியுது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கமெரா எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. துவாயை இழுத்துக் கழுத்தைத் துடைத்தாள்.

"ரெஜிதான் கேட்டவன். வெளியாளை நம்பித் திறப்பைக் குடுக்கேலாது, நீங்கள் பாருங்கோ அக்கா எண்டு. பின்னேரத்திலை தண்ணி விடுறது மட்டும்தான்."

"அடியே, உன்ர கிணத்துக்கு நீயே உப்பை வாக்கிறியோ? அந்தாள் அங்கை காலும் வீங்கிக் கிடக்க... நிப்பாட்டு. இப்பவே போய் அந்த சுவிட்சை நிப்பாட்டு."

"புல்லு காஞ்சா அவனுக்குத் தெரியும் அண்ணா. ஒவ்வொரு நாளும் பார்க்கிறான்."

"தெரியட்டும். நான் மாட்டெனெண்டு சொல்லு. திறப்பைத் தூக்கி எறி."

"எறிஞ்சா?"

அதற்கும் அவளே பதில் சொன்னாள். கோபமோ அழுகையோ இல்லை. கடைக்குப் போய் என்ன வாங்குவது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"நான் மாட்டெனெண்டா வேறை ஆளைப் பிடிப்பான் அண்ணா. வாற ஆள் மோட்டரைப் போட்டுவிட்டிட்டு ரோட்டிலை போய் நிண்டு ஊர்க்கதை கதைக்கும். இருட்டும் மட்டும் ஓடும். நானெண்டா புல்லு நனைஞ்ச உடனை நிப்பாட்டிப்போடுவன். அதுக்குத்தான் ஓமெண்டனான்."

திரையில் அவள் புல்லின் ஓரம் ஓரமாகக் குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஒரு கையில் குழாய், மற்றக் கையில் நான். மெற்றி, மெற்றி என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தேன்.

"அண்ணா, போனை வையுங்கோ. ஒரு கையாலை கெதியா விடேலாமல் கிடக்கு. நாங்கள் கதைக்கிற நேரமெல்லாம் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கு."

வைத்துவிட்டேன்.